சொட்டுக்குச் சொட்டு: கேள்வி – பதில்

(சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வந்த படகு இன்ஜின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: இன்ஜின் ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமாக ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.
– அவசரக்காரர், சதுரங்கப்பட்டினம் குப்பம்

பதில்: ஒரு அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். நமக்கு இங்கே துறைமுகம் கிடையாது, படகு மணலில்தான் ஏறி நிற்கிறது. மணல் எதையும் குடித்துவிடும், யாரையும் காட்டிக்கொடுக்காது. ஒரு மாதம் ஒழுகினாலும் மேலே தெரியாது. அதனால் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, படகுக்குள் இன்ஜினுக்கு அடியில் ஒன்று, வெளியே விசிறித் தண்டுக்கு அடியில் ஒன்று என்று போட்டுவையுங்கள். அதற்கு முன் இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்திருக்க வேண்டும். பழைய அழுக்கோடு இருக்கும் இன்ஜினில் புதுக் கசிவைத் தேடுவது வெட்டி வேலை.

காலையில் அட்டையில் கறுப்புக் கறை இருந்தால் இன்ஜின் ஆயில். வெளிறிய கறையும் பிசுபிசுப்பும் வாசனையும் இருந்தால் டீசல். அட்டை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பெட்ரோல் கையெழுத்துப் போடாமல் போய்விடும்.

கேள்வி: விடியற்காலை 3 மணிக்குத் தொழிலுக்குக் கிளம்புகிறோம். இருட்டில் டியூப் ஒழுகுகிறதா என்று லைட்டரைக் கொளுத்திப் பார்க்கலாமா?
– துணிச்சல்காரர், மெய்யூர்குப்பம்

பதில்: பார்க்கலாம். பார்த்ததைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழேயே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். நம் ஊர் மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் கொதிக்கிற வெயில். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பொறி பட்டதும் வெடிக்கும். இன்னொரு சங்கதி, அது காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் பறந்து போகாது, கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும். பைபர் படகின் அடியோ பெரிய குண்டான். உள்ளே இறங்கியது தானாக வெளியே வழியாது. நின்றுகொண்டு முகர்ந்தால் வாசனை தெரியாது, குனிந்தால்தான் தெரியும். லைட்டரும் குனிந்துதான் பிடிப்பீர்கள்.

ஆகவே முதலில் மூக்கு. வாசனை இருந்தால் எந்தச் சுவிட்சிலும் கைவைக்காதீர்கள். செல்ப் ஸ்டார்ட்டர், தண்ணீர் இறைக்கும் பம்ப், விளக்கு எல்லாமே பொறி விடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் அந்தக் கழற்றலே ஒரு பொறி. பீடியோடு நிற்பவரைத் தூரப் போகச் சொல்லுங்கள். மூடி, பலகை எல்லாவற்றையும் திறந்து காற்றாட விடுங்கள். வாசனை போன பிறகுதான் பேட்டரி, அதன் பிறகு டார்ச். மூடிய அறைக்குள் பெட்ரோல் இன்ஜின் வைத்த படகுகளில், கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் காற்றாடியை ஓட்டச் சொல்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. நமக்குக் காற்றாடி வேண்டாம், வாடைக்காற்றே போதும். 4 நிமிடம் பொறுமைதான் வேண்டும்.

கேள்வி: எங்களுடையது டீசல் லாங் டெயில் இன்ஜின். டீசல் தீப்பிடிக்காது என்கிறாரே மெக்கானிக்?
– நிம்மதியானவர், புதுப்பட்டினம் குப்பம்

பதில்: வாளியில் இருக்கும்வரை அவர் சொல்வது முக்கால்வாசி சரி. தீக்குச்சியைக் காட்டினாலும் பெட்ரோலைப்போல உடனே பற்றாது. ஆனால் மெல்லிய தூவலாகச் சீறி, சூடான சைலன்சர் மேல் விழும் டீசலுக்குத் தீக்குச்சியே தேவையில்லை. சுமார் 250 டிகிரி சூடு போதும், தானே பற்றும். பாரம் இழுக்கும் இன்ஜினின் புகைக்குழாய் அதைத் தாண்டிவிடும். டீசலில் ஊறிய துணியை அந்தக் குழாய்ப் பக்கம் செருகிவைப்பவர்கள் நம் கரையில் நிறைய. அதை எடுத்துவிட்டாலே பாதி ஆபத்து குறையும்.

கேள்வி: பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயில் ‘சுர்’ரென்று சத்தம். விரலால் தடவிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடாதா?
– கைராசிக்காரர், கொக்கிலமேடு

பதில்: தெரியும். மருத்துவருக்கும் தெரியும்.

தம்பி, அந்தக் குழாய்க்குள் ஓடும் டீசலின் அழுத்தம் சின்ன இன்ஜினிலேயே கார் டயர் காற்றைப்போல ஏறக்குறைய 100 மடங்கு. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் பீச்சல், தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த தடம்தான் இருக்கும், பெரிதாக வலிக்கக்கூட வலிக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தால் விரல் போகும், சில சமயம் கையே போகும். அப்படி ஆகிவிட்டால் பக்கத்துத் தெரு ஊசி டாக்டரிடம் நிற்காமல் நேரே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ‘காயம்’ என்று சொல்லாதீர்கள், ‘அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வரிசையில் உங்களை முன்னே தள்ளும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, நீளமான குச்சியில் ஒரு அட்டைத் துண்டைக் கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாய்ப் பக்கம் தள்ளி நின்று நகர்த்துங்கள். அட்டை எங்கே நனைகிறதோ அங்கேதான். நட்டை முடுக்குவது இன்ஜினை நிறுத்திய பிறகு. ஓடும்போதே ஸ்பேனர் போடும் வீரத்தை அம்மன் கோயில் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1782-இல் நம் ஊருக்கு எதிரே பெரிய கப்பல் சண்டை நடந்ததாமே? அந்தக் காலத்தில் இந்தக் கசிவுத் தொல்லையெல்லாம் இல்லை அல்லவா?
– சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வாசலில் உட்கார்ந்திருப்பவர்

பதில்: அந்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுக்காரர் சுஃப்ரெனும் ஆங்கிலேயர் எட்வர்டு ஹ்யூஸும் இந்தக் கடலில்தான் மோதிக்கொண்டார்கள். ஜெயித்தது யார் என்று இரண்டு பக்கமும் அடித்துச் சொல்ல முடியாத சண்டை. கோட்டை டச்சுக்காரர் கட்டியது, சண்டை மற்ற இருவருக்கும், வேடிக்கை நமக்கு.

கசிவு இல்லையா? மரக்கப்பல் என்றாலே கசிவுதான். பலகை இடுக்கில் சணலும் தாரும் அடைத்து ஓட்டினார்கள். தச்சர் நாள் தவறாமல் ஒரு அளவுகோலை அடியில் இறக்கி, எத்தனை அங்குலம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்த்துத் தலைவருக்குச் சொல்ல வேண்டும். நம் கரையின் மசூலா படகோ கயிற்றால் தைத்தது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், தையல் வழியே தண்ணீரும் வரும், ஒரு ஆள் இறைத்துக்கொண்டே இருப்பார். கசிவு அங்கே குற்றமில்லை, கணக்கில் வைத்த ஒரு வேலை.

உங்கள் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கிறதே, தச்சரின் கோலுக்கு அதுதான் வாரிசு. படகைச் சமமாக நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அளவு இறங்கினால் வெளியே ஒழுகுகிறது அல்லது உள்ளே எரிகிறது. எரிந்தால் புகை நீலமாக வரும். அளவு ஏறினால்? சந்தோஷப்படாதீர்கள். டீசலோ தண்ணீரோ உள்ளே புகுந்திருக்கிறது. ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர். அந்த நிலையில் இன்ஜினைக் கிளப்பவே கூடாது.

கேள்வி: ஒரு சொட்டு டீசல்கூட வெளியே ஒழுகவில்லை. ஆனால் அலை தாண்டும்போது இன்ஜின் நின்றுவிடுகிறது. பேய் பிடித்திருக்கிறது என்கிறார் என் மாமனார்.
– குழம்பிப்போனவர், வெண்புருஷம்

பதில்: பேய் இல்லை, காற்று. மாமனாரும் பாதி சரி, இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை.

கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது என்றே நினைக்கிறோம். தொட்டியோ கேனோ இன்ஜினுக்குக் கீழே இருந்தால், அங்கிருந்து பம்ப் டீசலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கரையில் சும்மா ஓடும்போது சமாளிக்கும். அலையில் ஏறும்போது இன்ஜின் அதிக டீசல் கேட்கும், காற்றையும் சேர்த்து இழுக்கும், ஏர் லாக் ஆகி நிற்கும். அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பும். அதற்குப் பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். அலைவாயில் கவிழும் படகுகளைப் பற்றிப் பேசும்போது அலையைத் திட்டுகிறோம். பத்து ரூபாய்க் கிளிப்பையும் கொஞ்சம் திட்டலாம்.

சோதனை இப்படி: டீசலுக்கென்றே விற்கும், கண்ணாடிபோல உள்ளே தெரியும் டியூபில் ஒரு துண்டு வாங்கி, பில்டருக்கு முன்னால் மாட்டி, கரையில் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். குமிழி வந்தால் அதற்கும் தொட்டிக்கும் நடுவில்தான் குறை. பில்டர் மூடி வாசர், டியூப் முனை, பழைய கிளிப் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கம்பியை முறுக்கிக் கட்டியதைக் கிளிப் என்று சொல்லாதீர்கள். எல்லாம் சரியான பிறகு பில்டரிலும் பம்பிலும் காற்றை எடுத்துவிட வேண்டும். சரியாகும் வரை அலை தாண்ட வேண்டாம். மீறிப் போய் மாட்டிக்கொண்டால் இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. மாமனாரிடம் வேப்பிலை இருந்தால் இருக்கட்டும், அணியத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்திலேயே கல்பாக்கம். அங்கே கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நமக்கு ஏதாவது உதவுமா?
– பிளஸ் டூ மாணவி, சதுரங்கப்பட்டினம்

பதில்: இந்த இதழின் நல்ல கேள்வி இதுதான்.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதில் சூட்டைக் கொண்டுபோவது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும். உலையின் சூட்டில் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் சீறிச் சண்டை பிடிக்கும். அதைக் குழாயில் ஓட்டுவதென்றால் ஒரு சொட்டுக் கசிவும் உடனே தெரிந்தாக வேண்டும். அவர்கள் செய்தது எளிமையான ஒரு தந்திரம். சோடியம் உலோகம், மின்சாரம் கடத்தும். குழாயைச் சுற்றிப் பீங்கான் மணிகள் கோத்த கம்பியை ஓட்டியிருப்பார்கள். மணி இருப்பதால் கம்பி குழாயைத் தொடாது. கசிந்த சோடியம் இரண்டையும் தொட்டுவிட்டால் மின்சுற்று பூர்த்தியாகி எச்சரிக்கை அடிக்கும். வால்வு போன்ற இடங்களுக்கு வேறு ஒரு கருவி. அதன் பெயரைக் கேட்டால் உங்கள் அப்பா சிரிப்பார்: ஸ்பார்க் பிளக். அதேதான், இன்ஜினில் பொறி விடுகிற அந்தச் சாமான் வகை. அங்கே அது பொறி விடுவதில்லை. சோடியம் வந்து தன் முனையைத் தொடுகிறதா என்று காத்திருக்கிறது.

நமக்கு என்ன உதவும்? சோடியமும் வேண்டாம், பீங்கான் மணியும் வேண்டாம். கசிவு எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்து அங்கே காவல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான். படகு இன்ஜினில் அந்த இடங்கள் தெரிந்தவைதான்: டியூப் முனைகள், பில்டர் மூடி, நாசில் நட்டுகள், ஆயில் சீல், கேஸ்கட். அந்த இடங்களில் தினமும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பாருங்கள். இன்ஜினைப் பார்த்தால் தெரியாதது துணியைப் பார்த்தால் தெரியும்.

கேள்வி: அவுட்போர்டு இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர்ப் பந்தை எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாக மாட்டேன் என்கிறது.
– கை வலிக்காரர், தேவனேரி

பதில்: நல்ல பந்து சில அமுக்கில் கெட்டியாகும், கெட்டியாகவே நிற்கும். கெட்டியாகவே ஆகவில்லை என்றால் தொட்டிப் பக்கம் காற்று இழுக்கிறது, அல்லது பந்துக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. கெட்டியாகி மெல்லத் தளர்ந்தால் இன்ஜின் பக்கம் எங்கோ பெட்ரோல் வெளியேறுகிறது. இந்த இரண்டாவதுதான் தீயோடு சம்பந்தப்பட்டது. தொட்டி மூடியில் காற்று வரும் திருகைத் திறந்தீர்களா என்பதை முதலில் பாருங்கள், பாதிப் பேர் அதை மறந்துவிட்டுத்தான் எனக்குக் கடிதம் போடுகிறார்கள்.

இப்போது பெட்ரோலே பழைய பெட்ரோல் இல்லை. பங்க்கில் கிடைப்பதில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். அதற்காகச் செய்யாத பழைய ரப்பர் டியூபுகள் அதில் ஊறி மெத்தென்று ஆகின்றன, அல்லது வெடிப்பு விடுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். உப்புக் காற்றில் வாரக்கணக்கில் தொட்டியைத் திறந்துபோட்டால் தண்ணீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். டியூபை மடித்துப் பாருங்கள். வெளிப்புறம் கோடுகோடாக விரிசல் தெரிந்தால் உள்ளே இன்னும் மோசம். எம்-சீல் அப்பி ஓட்டாதீர்கள், டியூபை மாற்றுங்கள். வாங்கும்போது பெட்ரோலுக்கு ஏற்ற டியூப் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபும் அதே கறுப்புதான், கடைக்காரருக்கும் அவசரம்தான்.

கேள்வி: அவுட்போர்டு ஓடும்போது பக்கத்தில் ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை வருகிறது. ஒழுகலா?
– புதுப் படகுக்காரர், கொக்கிலமேடு

பதில்: அது வராவிட்டால்தான் கவலை. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அடையாளம். நின்றால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். மணலில் நிறுத்திவைத்துத் தண்ணீர் இல்லாமல் ‘ஒரு நிமிஷம்’ ஓட்டிப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரத்துக்கு அந்த ஒரு நிமிஷமே ஆயுள்.

கேள்வி: சென்னை காசிமேட்டில் விசைப்படகில் வேலை. விசிறித் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. முடுக்கி முடுக்கி நிறுத்திவிட்டேன். ஓனர் பாராட்டுவாரா?
– மெய்யூர்குப்பத்துப் பையன்

பதில்: தண்டு தேய்ந்த பிறகு பில்லோடு பாராட்டுவார். கயிற்றுப் பேக்கிங் போட்ட பழைய வகையில், தண்டு சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழ வேண்டும். அந்தத் தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. தண்டு நின்றதும் சொட்டும் ஏறக்குறைய நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார், சுட்டால் அதிகம் முடுக்கியிருக்கிறாய். ஓடும்போது அந்தப் பக்கம் லுங்கியோடும் தோளில் துண்டோடும் குனியாதே. சுற்றுகிற தண்டு முதலில் துணியைப் பிடிக்கும், பிறகு ஆளைப் பிடிக்கும். அரைக்கால் சட்டை போட்டால் யாரும் கேலி செய்ய மாட்டார்கள். செய்தால் செய்யட்டும்.

கேள்வி: அண்ணே, ‘ஒரு சொட்டுதானே’ என்கிறார் என் வீட்டுக்காரர். டீசல் செலவோ ஏறிக்கொண்டே போகிறது.
– மீன் விற்கும் தங்கை, புதுப்பட்டினம் குப்பம்

பதில்: கணக்குப் போடலாம் தங்கச்சி. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு, பத்து மணி நேரம் இன்ஜின் ஓட்டம் என்றால் 36,000 சொட்டு. கிட்டத்தட்ட 1.8 லிட்டர். இன்றைய விலையால் பெருக்கி, தொழிலுக்குப் போகும் நாட்களால் இன்னொரு தரம் பெருக்கி, சாப்பாடு போடும்போது தட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதற்குமேல் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: படகின் அடியில் சேர்ந்த எண்ணெய்த் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுக் கலக்கி இறைத்தால் கடலில் பளபளப்பே தெரிவதில்லை. நல்ல யோசனைதானே?
– சுத்தக்காரர், தேவனேரி

பதில்: எண்ணெய் மறையவில்லை, பொடிப்பொடியாகித் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. மீனுக்குப் போய்ச் சேர்வது இன்னும் சுலபம். அதே மீனுக்குத்தான் நாளை வலை போடுவீர்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளி வாளியாகக் கையால் அள்ளியதைப் பார்த்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் புகுந்தபோதும் அள்ளியவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். பெரியவர்கள் கொட்டினால் கேட்க நமக்கு வாய் வேண்டும், அதற்கு நம் படகின் அடி கொஞ்சம் சுத்தமாக இருக்கட்டும். பழைய துணியிலோ பஞ்சிலோ எண்ணெயை ஒற்றி எடுத்துக் கேனில் போடுங்கள். கழிவு ஆயிலை விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: தங்கல் தொழிலுக்குப் போகும்போது இன்ஜின் அறைக்கு மேலேயே கேஸ் அடுப்பு வைத்திருக்கிறோம். இடம் இல்லை, என்ன செய்வது?
– சமையல் கைக்காரர், கொக்கிலமேடு

பதில்: 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, கட்டியிருந்த படகுகளில் சுமார் 40-ஐத் தின்றது. ஒவ்வொரு படகிலும் டீசல், பல படகுகளில் சமையல் சிலிண்டர், எல்லாம் தோளோடு தோள் நின்றன. கேஸும் பெட்ரோல் ஆவியைப்போலக் காற்றைவிடக் கனம், கசிந்தால் நேரே இன்ஜின் அறைக்குள் இறங்கும். சிலிண்டரைத் திறந்த தட்டில், காற்று வெளியே அடிக்கும் பக்கம் கட்டுங்கள். டியூப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை குமிழியிட்டால் கசிவு. சோப்புத்தூளுக்குப் படகில் சரியான இடம் இதுதான், முந்தைய கேள்விக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: விசைப்படகுக்குத் தடைக்காலம் 61 நாள். இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்க்க எந்த நாள் உத்தமம்? மெக்கானிக் கையில் சிக்குவதே இல்லை.
– பஞ்சாங்கம் பார்ப்பவர், சதுரங்கப்பட்டினம்

பதில்: தடை ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. ஏப்ரல் 16 காலை உத்தமம், மெக்கானிக் சும்மாதான் உட்கார்ந்திருப்பார், டீயும் அவரே வாங்கிக் கொடுப்பார். ஜூன் 13 அன்று போனீர்கள் என்றால் உங்களுக்கு முன்னால் காசிமேடே நிற்கும்.